மூச்சு முட்டாமலே மயங்குவது எப்படி? பாசிக் கடல் முதல் கரிமூட்டம் வரை

கடற்கரை ஊர்களில் இரண்டு வகைச் சாவுச் செய்திகள் அவ்வப்போது காதில் விழும். ஒன்று, சின்ன வயதிலிருந்தே கடலில் முங்கிப் பழகியவர் சத்தமே இல்லாமல் நீருக்குள் மயங்கிப்போவது. இன்னொன்று, கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கியவரும், அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கியவரும் அடுத்தடுத்துச் சாய்வது. இரண்டிலும் ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மூச்சு முட்டியிருந்தால் மேலே வந்திருப்பாரே, ஏன் வரவில்லை?

பெரும்பாலும் அவர்களுக்கு மூச்சு முட்டியே இருக்காது. ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருப்பதை உடல் நமக்குச் சரியாகத் தெரிவிப்பதில்லை. உள்ளே கரியமில வாயு கூடும்போதுதான் மூச்சுக்கான தவிப்பு வருகிறது. சாதாரண நாளில் ஆக்ஸிஜன் குறைவதும் கரியமில வாயு கூடுவதும் சேர்ந்தே நடப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. இவை இரண்டும் பிரிந்துபோகிற இடங்கள் சில உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள், விறகைச் சுட்டுக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் அந்த இடங்களில்தான் அன்றாடம் வேலை செய்கிறார்கள். அதனால் சுவாச மண்டலத்தை அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

காற்று போகும் பாதை

நாம் இழுக்கும் காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்ஸிஜன். கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வெறும் 0.04 விழுக்காடு. வெளியே விடும் காற்றில் ஆக்ஸிஜன் 16 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருக்கும், கரியமில வாயு 4 விழுக்காடு அளவுக்குக் கூடியிருக்கும். நைட்ரஜன் போனபடியே திரும்பிவிடும். நாம் விடும் மூச்சில் இவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருப்பதால்தான் மயங்கிக் கிடப்பவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் பலன் கிடைக்கிறது.

மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைக்கும். தொண்டை சாப்பாட்டுக்கும் காற்றுக்கும் பொதுவழி. அங்கிருந்து காற்று குரல்வளைக்குள் போகிறது. விழுங்கும்போது குரல்வளை மேலே உயர்ந்து, அதன் மூடி வாசலை அடைத்துக்கொள்ளும். அது ஒரு நொடி தப்பினால் புரை ஏறும். தண்ணீர் குரல்வளைக்குள் பட்டாலும் அது இறுக மூடிக்கொள்வது உண்டு. மூழ்குகிறவர் கத்திக் கூப்பிட முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குரல்வளைக்குக் கீழே 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள மூச்சுக்குழல். அது அமுங்கிவிடாமல் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. நெஞ்சுக்குள் போனதும் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். இப்படிச் சுமார் 23 முறை பிரிந்த பிறகு வருவது காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்குக் குறையாது. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி அளவுக்குப் பரப்பு வரும்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டை மேலே தூக்குகின்றன. உள்ளே இடம் பெரிதாகி அழுத்தம் குறைய, வெளிக்காற்று தானே நுழைகிறது. தசைகள் தளர்ந்தால் காற்று வெளியேறுகிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் அளவுக்கு மூச்சு விடுகிறார்.

அந்த அரை லிட்டரும் நுண்ணறைக்குப் போய்ச் சேர்வதில்லை. சுமார் 150 மி.லி. காற்று குழல்களுக்குள்ளேயே நின்று, எதற்கும் பயன்படாமல் திரும்பி வருகிறது. அதனால் பதற்றத்தில் வேகவேகமாக, மேலோட்டமாக மூச்சு வாங்குகிறவருக்குக் கிடைப்பது குறைவு. 300 மி.லி. இழுத்தால் பாதி வழியிலேயே போய்விடும்.

நுண்ணறையில் நடப்பது

நுண்ணறையின் சுவரும் அதை ஒட்டி ஓடும் ரத்தத் தந்துகி என்ற மிக மெல்லிய ரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தாலே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. வாயுக்கள் அந்தச் சுவரைத் தாண்டி, அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகின்றன. நுண்ணறையில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம் (அழுத்தத்தை அளக்கும் அலகு இது). அங்கே வந்துசேரும் ரத்தத்தில் 40. கரியமில வாயு ரத்தத்தில் 46, நுண்ணறையில் 40. ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியில் இருக்கும் நேரம் முக்கால் நொடி. கால் நொடியிலேயே பரிமாற்றம் முடிந்துவிடும்.

இந்தச் சுவருக்குள்பக்கம் மெல்லிய ஈரப்படலம் இருக்கிறது. அந்த ஈரம் நுண்ணறையைச் சுருக்கிவிடாதபடி நுரையீரலே சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரந்து பூசி வைக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது பெரும்பாலும் இந்தப் பொருள் போதுமான அளவு சுரக்காததால்தான். கடல்நீர் உள்ளே போனால் இதற்கு என்ன ஆகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆக்ஸிஜனில் 98 விழுக்காட்டுக்கு மேல் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. கரைந்து போவது மிகக் கொஞ்சம். கரியமில வாயுவின் வழி வேறு. அதில் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, பைகார்பனேட்டாக மாறிப் பயணம் செய்கிறது. அதாவது கரியமில வாயு கூடினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

மூச்சு முட்டும் உணர்வு எங்கிருந்து வருகிறது?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம்தான் மூச்சின் வேகத்தை நடத்துகிறது. தூங்கும்போதும் அது நிற்பதில்லை. அதற்குத் தகவல் சொல்லும் உணர்விகள் இரண்டு இடங்களில் உள்ளன.

1. முகுளத்திலேயே இருக்கும் உணர்விகள். இவை கவனிப்பது அமிலத்தன்மையை, அதன் வழியாகக் கரியமில வாயுவை. ஆக்ஸிஜன் இவற்றின் கணக்கில் இல்லை. கரியமில வாயு 40-லிருந்து கொஞ்சம் ஏறினாலே மூச்சு வேகமாகிவிடும். 50-ஐ நெருங்கும்போது பெரும்பாலானவர்களால் அடக்கிய மூச்சை விடாமல் இருக்கவே முடியாது.

2. கழுத்தில் மூளைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் சின்னஞ்சிறு உணர்விகள். ஆக்ஸிஜனைக் கவனிப்பவை இவைதான். ஆனால் 100 இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் அழுத்தம் 60-க்கு இறங்கும்வரை இவை பெரிதாக அலறுவதில்லை. கரியமில வாயுவும் சேர்ந்து குறைந்திருந்தால் அந்த அலறலும் மங்கிவிடும்.

நுண்ணறையிலுள்ள கரியமில வாயுவே மூச்சை நடத்துகிறது என்று உடலியல் அறிஞர்களான ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் காட்டினார்கள். கழுத்து உணர்விகளின் பங்கைக் கண்டறிந்த கோர்னேய் ஹெய்மன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நூறு ஆண்டு பழைய அறிவு இது. இருந்தும் உயிரைக் கடலில் வைத்துப் பிழைக்கும் மக்களிடம் இதை யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒரு கேள்வி எழலாம். உயிருக்கு முக்கியம் ஆக்ஸிஜன்தானே, உடல் ஏன் கரியமில வாயுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? திறந்த வெளியில் வாழும் உயிருக்கு ஆக்ஸிஜன் எப்போதும் தாராளம். மாறிக்கொண்டே இருப்பது உடல் உண்டாக்கும் கரியமில வாயுவும் அதனால் வரும் அமிலமும்தான். அதைச் சீராக வைத்திருந்தால் ஆக்ஸிஜன் தன்னால் சரியாக இருக்கும். தரையில், திறந்த வெளியில், இந்த ஏற்பாடு பெரும்பாலும் பிசகுவதில்லை.

பாசி எடுப்பவர் முங்கும்போது

பாம்பன் சின்னப்பாலம், மங்காடு, சம்பை போன்ற ஊர்களிலிருந்து பெண்கள் மன்னார் வளைகுடாக் கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாசியைப் பிடுங்கி, பையில் திணித்துவிட்டு மேலே வந்து மூச்சை ஊதி விட்டு, மறுபடி உள்ளே. காற்றுக் குழாய், சிலிண்டர் எதுவும் கிடையாது. நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சுதான் மூலதனம்.

முகம் நீரில் பட்டதும் உடலில் ஒரு மாற்றம் நடக்கிறது. இதயத் துடிப்பு குறைகிறது. கைகால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் இருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. சீல் என்ற கடல் விலங்குக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கும் அதே ஏற்பாடு, நம்மிடம் சிறிய அளவில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் தலைமுறை தலைமுறையாக முங்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊரில் நிலத்தில் வாழ்கிறவர்களுடையதைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு பெரியது என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. மன்னார் வளைகுடாப் பெண்களிடமும் இப்படி ஒரு ஆய்வு நடக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, ஆபத்து எங்கே வருகிறது? "நல்லா பத்துத் தடவை மூச்சை இழுத்து இழுத்து விட்டுட்டு முங்கு, ரொம்ப நேரம் தாங்கும்" என்று ஒரு யோசனை உண்டு. கூடுதல் நேரம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் காரணத்தை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் ஆக்ஸிஜன் உடலில் சேமிக்கப்படுவதாக நினைக்கிறோம். சாதாரண மூச்சிலேயே ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, கூடுதலாக ஏற்ற அங்கே இடமே இல்லை. அந்தப் பத்து மூச்சில் பெரிதாக மாறுவது கரியமில வாயு மட்டும். அது 40-லிருந்து 20 பக்கம்கூட இறங்கிவிடலாம்.

விளைவை வரிசையாகப் பாருங்கள்:

1. முங்கும்போதே கரியமில வாயு மிகக் குறைவு. அது எச்சரிக்கை அளவுக்கு ஏற வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும்.

2. ஆக்ஸிஜன் செலவாகும் வேகம் குறையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. வேண்டும், கடலடியில் பாசியைப் பிடுங்குகிறவருக்கு அதைப்போலப் பல மடங்கு.

3. தவிப்பு வருவதற்கு முன்பே மூளைக்கான ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது.

4. வலியோ திணறலோ இல்லாமல் நினைவு தப்புகிறது. சிலருக்கு அந்த நேரத்தில் சுகமாகக்கூட இருக்கும். அதன்பின் உடல் தானாக ஒரு மூச்சை இழுக்கும், தண்ணீர் உள்ளே போகும்.

நீச்சல் தெரிந்தவர் ஏன் போராடவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இப்படிச் சாவதற்கு ஆழம்கூடத் தேவையில்லை, இடுப்பளவு நீரிலும் நடக்கும்.

மேலே வரும்போது வருகிற மயக்கம்

ஆழத்தில் முங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேரும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது கடலில் ஆழம் சொல்லும் கணக்கில் ஐந்தரை பாகத்துக்கு, நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு. அங்கே நுரையீரலின் கொள்ளளவு பாதியாகச் சுருங்கும், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தம் இரட்டிப்பாகும். முங்கியவர் பெரும்பகுதியைச் செலவழித்து, நுரையீரல் காற்றில் 4 விழுக்காடு ஆக்ஸிஜன்தான் மிச்சம் என்று வையுங்கள். 10 மீட்டரில் அது மேற்பரப்பின் 8 விழுக்காட்டுக்குச் சமமாக வேலை செய்யும். ஆளுக்கு நினைவு இருக்கும், தெம்பும் இருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, அந்த 4 விழுக்காடு வெறும் 4 விழுக்காடாகவே ஆகிவிடும். ரத்தத்தில் மிச்சமிருந்த ஆக்ஸிஜனும் நுரையீரலுக்கே திரும்பிப் போகத் தொடங்கும். கடைசிச் சில மீட்டர்களில், சில நேரம் தலை வெளியே வந்த பிறகும்கூட, ஆள் மயங்குவது இதனால்தான். படகில் இருப்பவருக்கு எல்லாம் நல்லபடி முடிந்ததுபோலத் தோன்றும் நேரம் அது.

கம்ப்ரசர் காற்று

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களில் சிலர் படகில் ஒரு கம்ப்ரசரை ஓடவிட்டு, நீளக் குழாய் வழியாக வரும் காற்றை வாயில் பிடித்துக்கொண்டு முங்குகிறார்கள். வெறும் குழாயின் ஒரு முனையை மேலே நீட்டி வைத்து மூச்சு விட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை அழுத்தும் விசையை மூச்சுத் தசைகளால் சமாளிக்க முடியாது. அதனால் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தள்ளிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த அழுத்தக் காற்று உடலில் போட்டுவிடும் கணக்கு முற்றிலும் வேறு.

1. நெஞ்சு நிறைய அழுத்தக் காற்றோடு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், 10 மீட்டரில் நுரையீரலில் இருந்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். விரிய இடமில்லாமல் நுண்ணறைகள் கிழியும், காற்றுக் குமிழி ரத்தத்தில் புகுந்து நேராக மூளைக்குப் போகும். நுரையீரல் நிரம்பியிருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே இதற்குப் போதும். மூச்சடக்கி முங்கிப் பழகியவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. அவர்களுடைய கைவந்த பழக்கமே மூச்சை அடக்குவதுதான். கம்ப்ரசர் காற்றை இழுத்தவர் வாயைத் திறந்து ஊதிக்கொண்டேதான் மேலே வரவேண்டும்.

2. குழாய் மடங்கினாலோ என்ஜின் நின்றாலோ காற்று பட்டென்று நிற்கும். பதறி, இருக்கும் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார்கள். அது முதல் ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

3. நைட்ரஜன். மேற்பரப்பில் வந்தபடியே திரும்பிய அந்த வாயு, ஆழத்தின் அழுத்தத்தில் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து ஏறிக்கொண்டே போகும். வேகமாக மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடா பாட்டிலில் நடப்பது உடலுக்குள் நடக்கும். மூட்டுகளில் தாங்கமுடியாத வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, முதுகுத்தண்டு பாதித்தால் நிரந்தர முடக்கம். 18 மீட்டரில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தவர் நேராக மேலே வரக்கூடாது, நடுவில் நின்று நின்றுதான் வரவேண்டும் என்கிறது அமெரிக்கக் கடற்படையின் அட்டவணை. இந்த மாதிரி அட்டவணையை முதலில் 1908-இல் வெளியிட்டவரும் அதே ஹால்டேன்தான். ஒரே நாளில் பலமுறை இறங்கினால் முந்தைய முறை ஏறிய நைட்ரஜனும் கணக்கில் சேரும்.

4. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயும் என்ஜின் புகைபோக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், காற்று திரும்பும் நேரத்தில் புகையும் குழாய்க்குள் போகும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது.

டயருக்கும் பெயிண்டுக்கும் செய்த இயந்திரத்தை மனித நுரையீரலோடு இணைப்பதை என்னால் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியவில்லை. வேறு வழி தெரியாமல் அதில் இறங்குகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஊதிக்கொண்டே ஏறவேண்டும் என்ற ஒரு விஷயமாவது அவர்களில் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரவேண்டும். வலியோ மரத்துப்போதலோ வந்தால் "மறுபடி முங்கினால் சரியாகிவிடும்" என்று இறங்குவது ஆளை இன்னும் கெடுக்கும். படுக்கவைத்து, சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து, காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் சிகிச்சை.

கிணறும் தொட்டியும்

மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டி, பழைய கிணறு, மீன் அழுகிக் கிடக்கும் படகின் அடியறை, இவற்றில் நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்திருக்கும். அங்கே போய் மூச்சு விடுவது மூச்சை அடக்குவதைவிட மோசம். அடக்கினால் நுரையீரலில் இருப்பதாவது மிஞ்சும். ஆக்ஸிஜன் இல்லாத காற்றை இழுத்து விட்டால், ஒவ்வொரு மூச்சும் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை வெளியே கழுவிவிடும். ரத்தம் நுரையீரலுக்கு வந்து ஏற்றிக்கொள்வதற்குப் பதில் இழந்துவிட்டுப் போகும். சில நொடிகளில் நினைவு தப்பும். கரியமில வாயு தடையில்லாமல் வெளியேறிக்கொண்டிருப்பதால் தவிப்பு வராது. சில கிணறுகளில் கரியமில வாயுவே தேங்கியிருக்கும். அங்கே மூச்சு இரைக்கும், ஆனால் அளவு மிக அதிகமாக இருந்தால் ஏறி வர நேரம் கிடைக்காது.

இதோடு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். அளவு கூடினால் அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிற நேரம்தான் உச்ச ஆபத்து. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நம்பக்கூடாது. ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தால் விளக்கு அணையும், விஷவாயு இருந்தால் அணையாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே ஒருவர் சாய்ந்துவிட்டால், வெளிக்காற்று தரும் முகமூடிக் கருவி இல்லாமல் இரண்டாவது ஆள் இறங்கவே கூடாது. அண்ணனோ மகனோ கண்ணெதிரே கிடக்கும்போது இதைக் கேட்பது கொடுமைதான். ஆனால் அந்தக் காற்று இரண்டாவது ஆளுக்கும் அதே சில நொடிகளைத்தான் தரும்.

கரிமூட்டப் புகை

கடலாடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் சீமைக்கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். விறகை அடுக்கி, மேலே செத்தை பரப்பி, ஈரமண்ணைப் பூசி, அங்கங்கே துளை விட்டுத் தீ வைப்பார்கள். காற்று தாராளமாகப் போனால் விறகு சாம்பலாகிவிடும், குறைத்துக் கொடுத்தால்தான் கரி. அப்படிக் குறைத்துக் கொடுப்பதுதான் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகிறது.

நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் திசுக்களுக்கு எளிதில் விடாது. இங்கேயும் உடல் ஏமாறுகிறது. கரியமில வாயு கூடவில்லை, முகுளம் சும்மா இருக்கும். கழுத்து உணர்விகள் பார்ப்பது ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்ஸிஜனின் அழுத்தத்தை. அது குறையவில்லை, குறைந்தது ஹீமோகுளோபின் சுமக்கும் அளவு. ஆக, இரண்டுமே பேசாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், அப்புறம் மயக்கம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூட இந்த இடத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் பிடித்ததாகவே எண்ணி 98 என்று காட்டிவிடும்.

திறந்த வெளியில் புகை அடிக்கும் பக்கம் நிற்காமல் வேலை செய்வது, மூட்டத்தைப் பிரிக்கும்போது முகத்தை அருகே கொண்டுபோகாமல் இருப்பது முக்கியம். மழைக்காலத்தில் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது அதைவிட ஆபத்து. யாராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவரவேண்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாக நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனையில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

கொரோனா காலத்தில் நடந்ததும் இதுதான்

2020, 2021-இல் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் நிரம்பிய அளவு 80 விழுக்காட்டுக்குக் கீழே போன சிலர் செல்போனில் பேசிக்கொண்டு படுத்திருந்தது மருத்துவர்களையே குழப்பியது. கரியமில வாயு ஆக்ஸிஜனைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாகச் சவ்வைத் தாண்டும். நுரையீரலில் ஒரு பகுதி கெட்டுப்போனாலும் நல்ல பகுதி வழியாக அது வெளியேறிவிடும். ஆக்ஸிஜன் ஏறாது, ஆனால் மூச்சும் முட்டாது. "எனக்கு மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டிலேயே இருந்தவர்களை நாம் இழந்தோம்.

முங்குகிறவர்களும் கரையில் இருப்பவர்களும் செய்யவேண்டியவை

1. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கக்கூடாது. அமைதியாக இருந்து, கடைசியில் ஒரு முழு மூச்சு இழுத்தால் போதும்.

2. நீருக்குள் இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே மிதந்து ஓய்வெடுக்கவேண்டும்.

3. இருவர் இருந்தால் ஒருவர் முங்க, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மேலே வந்தவரை அரை நிமிடமாவது கவனிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முங்கினால் துணை இருந்தும் பயனில்லை.

4. மூழ்கியவரைக் கரைசேர்த்ததும் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் மூக்கைப் பிடித்து வாயில் ஊதுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று, மூச்சு வரும்வரை அல்லது உதவி வரும்வரை. இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

5. தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், தண்ணீர் உள்ளே போயிருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு, ரத்தத்தில் 0.9. நுண்ணறைக்குள் போன கடல்நீர், ரத்தத்திலிருந்து மேலும் நீரைத் தன்பக்கம் இழுக்கும். முன்பு சொன்ன பூச்சுப் பொருளையும் அது கழுவிவிடும், நுண்ணறைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் எல்லாம் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம். அதனால் முதல் ஆறிலிருந்து எட்டு மணி நேரமாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்கவேண்டும்.